ஓசூர் இரும்பு

லாரியின் அடிச்சட்டமான சேசிஸில் விரல் கணுவால் இரண்டு தட்டு. "ஏனுங்க, ஊட்டுல ஆருங்க?" என்று ஒரு கேள்வி. அதற்குப் பிறகுதான் கோமளா பழைய பிளெக்ஸை விரித்து லாரிக்கு அடியில் நுழைவார். துடியலூரில் எப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வரும் லாரிகளின் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் அச்செடுத்துக் கொடுப்பது அவர் தொழில்; அந்தத் தாளை வாங்கி விண்ணப்பத்தில் ஒட்டுவது என் வேலை. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, நெற்றியில் கிரீஸ், வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு.

ஹெல்மர் லாரி வந்தால் மட்டும் பேச்சு கூடிவிடும். "பேருதானுங்க ஜெர்மனி. மொதல்ல பொட்டியில துண்டுதுண்டா கப்பல்ல வந்துச்சுங்க. அப்பறம் புனேல செஞ்சாங்க. அதுக்கப்பறந்தானுங்க ஓசூரு." எண்ணுக்கு நடுவே 'பி' இருந்தால் புனே, 'எச்' இருந்தால் ஓசூர். கோமளாவுக்கு எழுத்தே வேண்டாம். "புனே ரிவிட்டு வழுவழுன்னு இருக்குமுங்க. ஓசூருக்கு ஓரத்துல ஒரு வரம்பு." நானும் தடவிப் பார்த்தேன். கை கருத்ததுதான் மிச்சம்.

ஒன்பது வருடங்களுக்கு முன் பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றிக்கொண்டு நாக்பூருக்குக் கிளம்பினார் அவர் கணவர் அழகிரிசாமி. ஓசூர் ஹெல்மர், சேசிஸ் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 4417. லாரியும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. "ஆள மறைச்சுபோடலாமுங்க. இவ்ளோ பெரிய இரும்ப எங்கீங்க மறைக்கறது? என்னைக்காச்சும் எப்.சி.க்கு வரோணுமில்லீங்களா?" அதற்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தாராம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

நேற்று மத்தியானம் புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்த ஹெல்மர் ஒன்று வந்தது. தட்டினார், கேட்டார், நுழைந்தார்.

"ஓசூரு வண்டிங்களா?" அடியிலிருந்து குரல்.

"இல்லீங்கக்கா, ஆர்.சி.ல புனேன்னுதான் இருக்குதுங்க. நான் போன மாசந்தான் வேலைக்குச் சேந்தனுங்க" என்றார் ஓட்டுநர் பாலுசாமி.

பென்சில் தேயும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி அதே இடத்தில் தேய்த்தார். தாள் வெளியே வந்தது, நான் வாங்கினேன். பழைய எண்ணை அராவிவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். கறுப்பாகப் பதிந்த 'பி'க்குப் பின்னால் மங்கலாக ஓர் 'எச்'. கடைசி எண்களுக்கு அடியில் 4417.

அடியில் இரண்டு தட்டு கேட்டது.

"ஏனுங்க... நாந்தானுங்க."

குனிந்து பார்த்தேன். சேசிஸில் காதை ஒட்டவைத்துப் படுத்திருந்தார்.

"என்னாச்சுங்கக்கா?" என்றார் பாலுசாமி.

சக்கரத்துக்குப் பக்கத்தில் கோமளாவின் கை மட்டும் வெளியே நீண்டது. விரல்களை விரித்து, சத்தம் போடாதீர்கள் என்று எங்களை அமர்த்தியது.