துப்பாமல் விட்ட கசப்பு

செஞ்சி பஜாரில் எங்களுடையது நாட்டு மருந்துக் கடை. நிலவேம்பு, கடுகுரோகிணி, வேப்பம்பட்டை என்று மூட்டை வந்து இறங்கியதும் துளி எடுத்து மென்று பார்ப்பேன். கசப்பு நாக்கில் எந்த இடத்தில் ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை வைத்தே சரக்கு புதுசா பழசா என்று சொல்லிவிடலாம். பார்த்ததும் துப்பிவிட வேண்டும். வாயைக் கொப்பளித்து, நாலு அரிசியை மென்ற பிறகுதான் அடுத்த மூட்டை. சரக்கு மட்டமென்றால் கொண்டுவந்தவர் சொந்தக்காரராக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதனால் எனக்கு நல்ல பெயர் கிடையாது. என் நாக்குக்கு இருந்தது.

அந்த நாக்கு என்னைப் பெற்ற நைனாவிடமிருந்து வந்தது. அவரிடமிருந்து வேறு எதுவும் வந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம். மலையடிவாரத்தில் காய்ச்சிய சாராயத்தைக் குடித்துக் குடித்து, ஈரல் கெட்டு, நாற்பத்தோரு வயதில் போய்ச் சேர்ந்தார். எனக்குப் பெண் கொடுக்கும்போது மாமனார் வேறெதுவும் கேட்கவில்லை. குடிக்க மாட்டேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன். சத்தியத்துக்கு அவசியமே இருக்கவில்லை, அந்த வாடையே எனக்கு ஆகாது.

எண்பதுகளின் நடுவில், எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தபோது, கோட்டை பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரரை ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார் கடைக்கு அழைத்து வந்தார். காகிதப் பொட்டலத்திலிருந்து காய்ந்த பச்சைப் பூக்கள் சிலவற்றை அவர் என் உள்ளங்கையில் கொட்டினார்.

“இது இங்க கிடைக்குமான்னு கேக்கறாரு.”

கசக்கி மோந்து, மென்று துப்பினேன். “நம்ம பக்கம் இல்ல சார். இதுல கசப்பு ரெண்டு இருக்குது. ஒண்ணு முன்னாடி வருது, இன்னொண்ணு பின்னாடி வந்து உக்காந்துக்குது.”

வாத்தியார் அதை மொழிபெயர்த்ததும் வெள்ளைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் வழியாகக் கதை வந்தது. இங்கிலாந்தில் தன் ஊரில், பழைய மாட்டுக் கொட்டகை ஒன்றில், இவரும் ஒரு கூட்டாளியுமாக பீர் காய்ச்சுகிறார்கள். அதில் ஒன்றுக்குப் பெயர் இந்தியா பேல் ஏல். அந்தக் காலத்தில் கப்பலில் இந்தியா வந்து சேரும்வரை கெடாமலிருக்க இந்தப் பூவை அள்ளிப் போடுவார்களாம். பெரிய கம்பெனிகள் பெயரை வைத்துக்கொண்டு கசப்பை எடுத்துவிட்டன. இவர் கசப்பைத் திரும்பக் கொண்டுவந்தார். ஊர்க்காரர்கள் பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போகிறார்கள். கூட்டாளி பூவைக் குறை என்கிறார். எந்த நாட்டின் பெயரை வைத்தோமோ அந்த நாட்டிலேயே கேட்டுவிடலாம் என்று சாக்ஸில் சுற்றி மூன்று பாட்டில்கள் கொண்டுவந்திருந்தார். ஒன்றை மெட்ராசில் திறந்து நாலு பேருக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று.

“அங்க எல்லாரும் சூப்பர்னு சொல்லிட்டாங்களாம். அத நம்பவே முடியலங்கறாரு. கசப்பு தெரிஞ்ச ஆளு நீதான், நீ சொல்றதுதான் முடிவுங்கறாரு” என்றார் வாத்தியார்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குக் கடையைப் பாதி சாத்தியிருந்த நேரத்தில் வந்தார்கள். பாட்டிலைக் கிணற்றுத் தண்ணீர் வாளியில் அரைமணி நேரம் போட்டு வைத்தோம். வாத்தியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, விரலால் ஊறுகாயைத் தொட்டு நக்கினார். எங்கள் பக்கம் குடிக்கிற முறை அதுதான். நாக்கில் படவிடுவதே இல்லை. பிறகு, “சூப்பர் சார்” என்றார். வெள்ளைக்காரர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நான் தொடமாட்டேன் சார், சத்தியம் பண்ணியிருக்கேன்” என்றேன்.

“யோவ், உன்னை யாருய்யா குடிக்கச் சொன்னது? மருந்து பாக்கற மாதிரி பாத்துட்டுத் துப்பிடு.”

அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு வாய் வாங்கினேன். முதலில் நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளிய வாசனை. அடியில் வறுத்த தானியத்தின் லேசான இனிப்பு. அதன்மேல் முதல் கசப்பு ஏறியது. இரண்டாவது கசப்புக்காகக் காத்திருந்தேன். அது தொண்டையருகில் உட்காருகிற கசப்பு, துப்பினால் தெரியாது. அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விழுங்கினேன்.

வந்து உட்கார்ந்தது. நிதானமாக, சுத்தமாக, இடம் தெரிந்து. இத்தனை வருஷம் மென்று துப்பிய எந்தக் கசப்பும் இன்னொரு வாய் கேட்டதில்லை. இது கேட்டது. என் கை என்னைக் கேட்காமலே டம்ளரை மறுபடி பாதி தூரம் தூக்கிவிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் பயந்துபோனேன். கடைக்குப் பின்னாலேயே வீடு, உள்ளே மனைவி சோறு வடித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. டம்ளரைக் கீழே வைத்தேன்.

“கசப்பு ரொம்ப ஜாஸ்தி. இத மனுஷன் குடிக்க முடியாது. குறைக்கச் சொல்லுங்க.”

மெட்ராசில் யாரும் சொல்லாததை நான் சொல்லிவிட்டேன் என்று வெள்ளைக்காரர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை குலுங்கியதே தவிர முகத்தில் ஒன்றும் இல்லை. மிச்சத்தைத் தெருச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, மூன்றாவது பாட்டிலைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் மேல்சித்தாமூரிலிருந்து ஒருவர் கொண்டுவந்த நிலவேம்பை மென்று பார்த்து மட்டம் என்று திருப்பி அனுப்பினேன். சரியாகத்தான் சொன்னேன்.

ஏழெட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வாத்தியார் கடையில் நின்றபடி படித்துச் சொன்னார்.

“கூட்டாளி சொன்னா கேட்டிருக்க மாட்டாராம். நீ சொன்னதால பூவ பாதியாக்கிட்டாராம். இப்ப நல்லா ஓடுதாம். பழைய மாதிரி இனிமே காய்ச்சறதில்லையாம். உனக்கு ரொம்ப தாங்க்ஸ் சொல்லியிருக்காரு.”

நான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“அந்த மூணாவது பாட்டில இன்னா பண்ணாராம்?” என்று கேட்டேன்.

வாத்தியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கடிதத்தை முதலிலிருந்து இன்னொரு தரம் படித்துவிட்டு, “அத பத்தி ஒண்ணும் எழுதலயே” என்றார்.