‘குறுக்கு’ என்ற சொல்லை நான் திருத்தி எழுதிய வழக்கு

1. கூண்டில் கேட்ட கேள்வி

ஸ்ரீவில்லிபுத்தூர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எதிர்தரப்புச் சாட்சியாக நான் நின்றது ஒரே ஒருமுறைதான். சட்டப்படிப்பு முடித்திருந்தேன், வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளவில்லை. காப்பீட்டு நிறுவனங்களுக்காக விபத்துகளை விசாரித்து அறிக்கை தரும் ஓர் அலுவலகத்தில் விசாரணையாளராக வேலை பார்த்தேன். அடிபட்ட பெண்ணிடம் நான் எழுதி வாங்கிய வாக்குமூலம் அன்று ஆவணமாகக் குறியிடப்பட்டது. மனுதாரரின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். குரலை உயர்த்தும் பழக்கம் இல்லாதவர்.

“உங்களுக்கு எந்த ஊரு?”

“இராஜபாளையம்.”

“பொறந்து வளந்ததெல்லாம்?”

“அங்கேதான்.”

“உங்க வீட்ல யாராவது குறுக்கு வலிக்குதுன்னு சொன்னா, எங்க வலிக்குதுன்னு அர்த்தம்?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “இடுப்புக்குப் பின்னால், முதுகின் கீழே” என்றேன்.

“நல்லது. இந்தம்மா உங்ககிட்ட ‘குறுக்குல இடிச்சான்’னு சொன்னாகளா, ‘குறுக்கே போனேன்’னு சொன்னாகளா?”

மனுதாரர் மைதீன் பாத்து வாசல் பக்கச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். உட்கார பெஞ்சு இருந்தது. கால் மணி நேரத்துக்கு மேல் அவரால் உட்கார முடியாது. அவரைப் பார்க்காமல், நீதிபதியின் மேசையைப் பார்த்து, “சாலையின் குறுக்கே போனேன் என்றுதான் சொன்னார்” என்றேன்.

சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு நான் சொன்ன பொய் அது.

2. நடை சரி செய்தல்

எங்கள் அலுவலகம் இராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. நடத்தியவர் காவல் துறையில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாக்குமூலத்தைப் பேச்சு மொழியில் எழுதக் கூடாது என்பது அவர் வைத்திருந்த விதி. அடிபட்டவர் எப்படிப் பேசினாலும், அவரே சொல்வதைப் போல, எழுத்துத் தமிழில் எழுத வேண்டும். இதற்கு எங்களிடம் ‘நடை சரி செய்தல்’ என்று பெயர். கேட்பதற்கு இலக்கண வேலையைப் போல இருக்கும்.

“பொய் எழுதச் சொல்லலம்மா. அவிய சொல்லுதத கொஞ்சம் நடையச் சரி பண்ணி எழுது, அம்புட்டுத்தான்” என்பார். பெண்கள் அடிபட்ட வழக்குகளுக்கு என்னைத்தான் அனுப்புவார். “நாங்க போனா முக்காடப் போட்டுக்கிட்டு உள்ள போயிருவாக. நீ போனா ஒக்கார வச்சுப் பேசுவாக.”

அவர் கணிப்பு தவறவில்லை. மைதீன் பாத்து என்னை உட்கார வைத்தார். ஐம்பது வயதை நெருங்கிய அவர், பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு யூனிட்டில் இருபது வருடங்களாகத் தரையில் அமர்ந்து துணியைச் சுருட்டி, மடித்து, பாக்கெட் போடும் வேலை செய்தவர். அன்று ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

“ஊருக்கெல்லாம் கட்டுத்துணி மடிச்சேன். கடைசில எனக்கே ஒரு கட்டு” என்று சிரித்தார். பிறகு, “இன்சூரன்ஸ்ல இருந்தா வார? பணம் தாரதுக்கா?” என்று கேட்டார்.

“விவரம் எழுதிக்கொள்ள வந்தேன்” என்றேன். யார் பக்கத்துக்காக எழுதுகிறேன் என்பதைச் சொல்லவில்லை.

“எழுதிக்க தாயி. காலையில வேலைக்குப் போயிட்டிருந்தேன். ரோட்டோரமாத்தான் போனேன். ஓரத்துல பூரா மண்ணு, வண்டி வார சத்தமே கேக்கல. பின்னாடி வந்து குறுக்குல ஒரே இடி. தூக்கிப் போட்டுட்டான். அவனும் பாவம், எறங்கி வந்து அழுதான்.”

நான் எழுதியது இது: “நான் வேலைக்குச் செல்லும்போது சாலையின் குறுக்கே சென்ற சமயம், அவ்வழியே வந்த கார் என்மீது மோதியது.”

எழுதும் வேகத்தில் ‘குறுக்குல’ என்பது ‘குறுக்கே’ என்று ஆகிவிட்டதாக நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியானால் ‘ரோட்டோரமா’ எங்கே போயிற்று, ‘பின்னாடி’ எங்கே போயிற்று? மூன்று சொற்களையும் என் காது கேட்டது. அந்த மூன்றும் இருந்தால் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து அறிக்கை திரும்பி வரும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

வேகமாக வாசித்துக் காட்டினேன். “நீ படிச்ச புள்ள, சரியாத்தான் எழுதியிருப்ப” என்று, படுத்தபடியே தலையணைமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அலுவலகத்தில் உரிமையாளர் அந்த ஒரு வரியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, “இதாம்மா நடை” என்றார். அந்தப் பாராட்டு அன்று எனக்கு மகிழ்ச்சி தந்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

3. அவருக்கு இருந்த வழிகள்

நடந்து போகிறவர் வாகனத்தால் அடிபட்டால், சட்டம் அவரைக் கைவிட்டுவிடவில்லை. ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்டித் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். விபத்து வேறு ஊரில் நடந்திருந்தாலும், தாம் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். யார் தவறு என்று நிரூபிக்காமலே ஒரு நிலையான தொகையைக் கேட்கும் வழியும் தனியாக உண்டு. இரண்டில் எது ஏற்றது என்று வழக்கறிஞருடன் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், அரசுத் திட்டத்தின்கீழ் வருவாய்த் துறை அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். மனுவை ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுவது பாதுகாப்பு. மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் எப்படி அடிபட்டது என்று எழுதப்படும் முதல் வரியைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வது அதைவிடப் பாதுகாப்பு.

இன்னொன்றும் உண்டு. எதிர்தரப்புக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் ஆளிடம் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அடிபட்டவருக்கு இல்லை. மைதீன் பாத்துவின் வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போது இவை அத்தனையும் எனக்குத் தெரியும். படித்துத் தேர்ச்சி பெற்ற பாடங்கள்.

அவர் வழக்கில் முதல் தகவல் அறிக்கை இரண்டே வரி. கார் எந்தப் பக்கத்திலிருந்து மோதியது என்று அதில் இல்லை. பார்த்தவர் என்று சாட்சி சொல்லவும் எவரும் வரவில்லை. எஞ்சியவை அவருடைய சாட்சியமும் அதற்கு எதிராக நின்ற என் தாளும்தான். மனுதாரரும் கவனமின்றிச் சாலையைக் கடந்திருக்கிறார் என்று தீர்ப்பாயம் முடிவு செய்து, பொறுப்பில் நான்கில் ஒரு பங்கை அவர்மீது வைத்தது. இழப்பீடும் அந்த அளவு குறைந்தது.

தீர்ப்பு நாளில் வராந்தாவில், தூணுக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

“காசு கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போவுது, வக்கீலய்யா. ரோட்டப் பாக்காம போனவன்னு கோர்ட்டுல எழுதிட்டாகளே. யூனிட்ல இப்பமே அப்படித்தான் பேசுதாளுக. அத அழிக்க முடியுமா?”

“மதுரைக்கு அப்பீல் போகலாம்மா. தொண்ணூறு நாள் இருக்கு. ஆனா நீங்க கையெழுத்துப் போட்ட தாளு ஒண்ணு குறுக்க நிக்குதே. அத எப்படித் தாண்டுறது?”

4. தொண்ணூறு நாட்கள்

அந்தத் தாளை நீக்கக் கூடியவள் நான் ஒருத்திதான். வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கு விண்ணப்பித்திருந்த சமயம் அது. பொய்ச் சாட்சி சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால் பதிவு என்னாகும், குற்ற வழக்கு வருமா, அலுவலகத்தின் மற்ற அறிக்கைகள் எத்தனை கேள்விக்குள்ளாகும் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்து விளைவுகளையும் நிதானமாக எடைபோடுகிறவள் என்று எனக்கு என்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. அந்தத் தராசில் மைதீன் பாத்துவை நான் வைக்கவேயில்லை. வேலையை விட்டேன். பதிவு கிடைத்தது. தொண்ணூறு நாட்களும் கழிந்தன.

அதன் பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனேன். எந்த ஆபத்தும் இல்லாத நாளாகப் பார்த்துப் போனேன் என்பது இப்போது எழுதும்போது தெளிவாகத் தெரிகிறது. நின்றபடியே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். சுளகைக் கீழே வைக்கவில்லை.

“இதச் சொல்லவா வந்த?”

“ஆமாம்மா.”

“எனக்கு எதுக்குச் சொல்லுத? எனக்குத்தான் தெரியுமே, நான் ஓரமாப் போனது. தெரியாதவுக கோர்ட்டுல இருக்காக. அங்கன போயிச் சொல்லு.”

“நாள் முடிஞ்சு போச்சும்மா.”

“அப்பம் நாளு இருக்கையில வந்திருக்கணும்ல?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குத் தப்பிய பெண்ணிடம் கேட்பதைப் போலக் கேட்டார். புடைத்த அரிசியைப் பாத்திரத்தில் கொட்டிவிட்டு, “டீ குடிக்கியா?” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

5. ஒரு சொல்

நேராக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி, என்னைக் குறுக்கு விசாரணை செய்த அந்த வழக்கறிஞரின் அலுவலகத்துக்குப் போனேன். அவரிடமும் நடந்ததைச் சொன்னேன்; தாளில் குறித்துக்கொண்டே கேட்டார்.

“தாமதத்த மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டு அப்பீல் பண்ணலாம். உன் பிரமாணப் பத்திரத்தக் கூடுதல் சாட்சியமா ஏத்துக்கச் சொல்லிக் கேக்கலாம். ஏத்துக்கிடுவாகளான்னு நான் சொல்ல முடியாது. ஆனா உன் வக்கீல் சன்னதுக்கு வேட்டு வைக்கும். தெரியும்ல?”

“தெரியும் சார்.”

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக் கூடியது குறைவு. பிறர் சொல்லை எழுதும்போது அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள்; நடை கோணலாக இருந்தால் இருக்கட்டும். தவறு செய்துவிட்டால், வருந்துவதற்கு முன்னால் அதைத் திருத்தக் கெடு எத்தனை நாள் என்று பாருங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

இரண்டு நாள் கழித்து மைதீன் பாத்துவும் அப்பீல் மனுவில் கையெழுத்திட வந்திருந்தார். என் பிரமாணப் பத்திரத்தை வழக்கறிஞரே தயாரித்திருந்தார். உரக்க வாசிக்கச் சொன்னார். “மனுதாரர் ‘குறுக்கில் இடித்தது’ என்று கூறியதை, ‘குறுக்கே சென்றேன்’ என்று நான் தவறுதலாக எழுதிவிட்டேன்” என்ற வரிக்கு வந்தேன்.

“தவறுதலாவா?” என்றார் சுவரில் சாய்ந்து நின்ற மைதீன் பாத்து.

வழக்கறிஞர் என்னைப் பார்க்காமல், “அந்தச் சொல்லு இருந்தா உனக்கு நல்லதுன்னுதாம்மா போட்டேன்” என்றார்.

நான் பேனாவை வாங்கி ‘தவறுதலாக’ என்பதை அடித்தேன். அதற்கு மேலே ‘தெரிந்தே’ என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.