வாசலில் கிடக்கும் செருப்பு

வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் நான் சேர்ந்தது இங்கிலீஷுக்காக அல்ல. யாரிடமாவது பேசுவதற்காக. மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுடைய வாப்பா துபாயில் வேலை பார்க்கிறார். மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டில் காலையிலிருந்து கேட்கிற ஒரே குரல் மிக்ஸியுடையதுதான்.

அன்று டீச்சர் பலகையில் ‘டோர்’ என்று எழுதினார். கதவை வைத்தே இங்கிலீஷ்காரர்கள் எத்தனை மரபுத்தொடர் செய்திருக்கிறார்கள் பாருங்கள் என்றார். ‘ஃபுட் இன் தி டோர்’ என்றால் ஓரிடத்தில் நுழையக் கிடைக்கும் முதல் சின்ன வாய்ப்பு. ‘ஷோ ஹிம் தி டோர்’ என்றால் வெளியே போகச் சொல்வது. ‘பிஹைண்ட் க்ளோஸ்ட் டோர்ஸ்’ என்றால் ரகசியமாக. எனக்கு எரிச்சலாக வந்தது. நானும்தான் நாள் முழுக்க மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கிறேன். கத்தரிக்காய் நறுக்குகிறேன், துணி மடிக்கிறேன். இதில் என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கிறது?

ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளுக்கு எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடக்கும். யார் தட்டினாலும் திறக்காமல் உள்ளிருந்தே பதில் சொல்வோம். சிலிண்டர் கொண்டுவருகிறவர், “அண்ணாச்சி இருக்காவளாம்மா?” என்பார். “இருக்காவ, தூங்குதாவ. அங்கன வச்சிட்டுப் போங்க” என்பேன். என் கணவர் இப்படி வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். வெயிலில் செருப்பின் வார் வெளுத்துவிட்டது. அவ்வப்போது தூசி தட்டி, இப்போதுதான் கழற்றியது போலக் கொஞ்சம் கோணலாகப் போட்டு வைப்பேன்.

டீச்சர் கடைசியாக எழுதியது ‘கீப் தி உல்ஃப் ஃப்ரம் தி டோர்’. ஓநாயை வாசலுக்கு வரவிடாமல் பார்த்துக்கொள்வது. வீட்டில் பட்டினி கிடக்காத அளவுக்குச் சம்பாதிப்பது என்று பொருள். இதை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லிப் பழகி வரச் சொன்னார்.

நான் என் வாக்கியத்தைக் கணவருக்கு வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பினேன். அந்த மாதம் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இந்தத் தடவை நீட்டிக்காமல் ஊரோடு வந்துவிடுவதாகப் பெருநாளன்று சொல்லியிருந்தார். வருவாரா என்று நேராகக் கேட்க எனக்குப் பயம். இங்கிலீஷில் சொன்னபோது பயம் கொஞ்சம் குறைந்தது. நீங்கள் இத்தனை வருஷம் ஓநாயை வாசலுக்கு வரவிடவில்லை, போதும், இனி நீங்கள் வாசலுக்கு வாருங்கள். இவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மதியம் முழுக்கப் பழகினேன்.

அந்தியில் மஃரிப் தொழுகை முடிந்ததும் போன் வந்தது.

“நல்லாத்தான் பேசுத” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “கையெழுத்துப் போட்டுட்டேம்மா. இன்னும் ரெண்டே வருஷம். புள்ள படிப்பு முடியட்டும். இன்ஷா அல்லாஹ், அதுக்கப்புறம் ஊர்லதான்.”

“சரிங்க” என்றேன். சாப்பிட்டாச்சா என்று கேட்டேன். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. அங்கே ஒரே அறையில் ஆறு பேரோடு படுக்கிறார். எனக்கு இங்கே மூன்று அறை. போனை வைத்துவிட்டு ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டேன், ஓவென்று அழுதேன்.

மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. பத்து மணி வாக்கில் கதவு தட்டுகிற சத்தம்.

“சிலிண்டர்! அண்ணாச்சி இருக்காவளாம்மா?”

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது.

“இல்ல” என்றேன். “துபாய்ல இருக்காவ. வர ரெண்டு வருஷம் ஆவும்.”

வெளியே சிலிண்டர் தரையில் இறங்கும் சத்தம் கேட்டது.

“தெரியும்மா” என்றார் அவர். “தெருவுக்கே தெரியும். செருப்பை உள்ள எடுத்து வைங்க, வெயில்ல வீணாப் போவுது. சிலிண்டரைப் பைய இறக்கி வச்சிட்டேன்.”

நான் கதவைத் திறந்தபோது அவருடைய வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. செருப்பை எடுக்கக் குனிந்தேன். கையில் எடுத்துத் தூசி தட்டினேன். பிறகு இருந்த இடத்திலேயே, அதே கோணலில் வைத்தேன். தெருவை ஏமாற்ற இல்லை. கதவைத் திறக்கும்போது நான் பார்க்க.