மாமி உயர்த்திய விரல்

இரசாயன வகுப்பில் இருந்தபோது அம்மாவின் செய்தி வந்தது. "மாமி எங்களை விட்டுப் போட்டா. வாசலில நில் பிள்ளை, அப்பா வாறார்."

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மார்க்கம் நகரில் எங்கள் தெருவுக்குக் கார் திரும்பியபோது அப்பா சொன்னார்.

"நினைவு மலரில அரசாங்கக் கதை ஒண்டும் வேண்டாம். மொழிபெயர்ப்பாளரா இருந்தவ எண்டு போட்டால் காணும்."

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அந்த மலரை நான்தான் கணினியில் கோக்கிறேன். தேவாரம், வம்சாவளி, படங்கள் எல்லாம் ஆயிற்று. காலையில் அது அச்சகத்துக்குப் போகும். எல்லோரும் படுத்த பிறகு, திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா செருமினால் என் கை நின்றுவிடுகிறது.

ரஞ்சி மாமி என் அப்பாவின் அக்கா. இளவயதில் கொழும்பில் வேலை பார்த்துச் சிங்களம் பழகியவர். அகதியாக ரொறன்ரோவுக்கு வந்து, பார்க்டேலில் ஒற்றை அறையில் வாழ்க்கையைத் தொடங்கியவர். ஆஸ்பத்திரிகளிலும் நீதிமன்றங்களிலும் எங்கள் ஆட்களுக்காக மொழிபெயர்த்தார். அந்த வேலையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான்: யார் எதைச் சொன்னாலும் ஒன்றையும் விடக்கூடாது. யாராவது எதையாவது விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினால் சுட்டுவிரலை உயர்த்துவார். விட்டதைச் சொல்லி முடித்த பிறகுதான் விரல் இறங்கும்.

ஒருமுறை அப்பாவின் சீனி வருத்தத்துக்கு வைத்தியரைப் பார்க்க மாமியும் நானும் கூடப் போனோம். சோற்றைக் குறைக்க வேண்டும் என்றார் இளம் வைத்தியர். அப்பா தமிழில் முணுமுணுத்தார்: "உந்தப் பெடியனுக்குச் சோத்தைப் பற்றி என்ன தெரியும்?"

மாமி விரலை உயர்த்தினார். அதையும் ஆங்கிலத்தில் சொன்னார்.

"அக்கா, உதையுமோ சொல்லுறது?"

"நீ சொன்னனிதானே, தம்பி?"

வைத்தியர் கதிரையில் சாய்ந்து சிரித்தார். இனிமேல் அக்காவைக் கூட்டிவரமாட்டேன் என்று வழியெல்லாம் அப்பா புறுபுறுத்தார். அடுத்த முறையும் மாமிதான் போனார்.

பிறகு ஊரில், கொழும்பில் ஆட்சி கவிழ்ந்தது. தேர்தல் வரும்வரை ஓர் இடைக்கால அரசு அமைத்தார்கள். அதில் துணை அமைச்சராக இருக்கும்படி மாமியைக் கேட்டார்கள். அந்த அரசில் ஒரே தமிழ்ப் பெண் அவர்தான். இராணுவ வேலிக்குள் அகப்பட்ட காணிகளைச் சனத்திடம் திருப்பிக் கொடுப்பது அவருடைய பொறுப்பு. விமான நிலையத்துக்கு அப்பா வரவில்லை. அம்மாவும் நானும் போனோம்.

"ஏசிறவை ஏசட்டும்" என்றார் மாமி. "எங்கட சனம் சொல்லுறதை அந்த மேசையில முழுசாச் சொல்ல ஒரு ஆள் வேணும்."

சிங்கள அரசோடு சேர்ந்துவிட்டார் என்று எங்கள் ஆட்களே ஏசினார்கள். பெயர் சொல்லாதவர்கள் தொலைபேசியில் "துரோகியின்ர வீடோ?" என்று கேட்டார்கள். அப்பாவின் சாப்பாட்டுக் கடைக்கு வழக்கமாக வருகிறவர்கள் சிலர் வேறு கடைக்கு மாறினார்கள். ஒருநாள் காலையில் கடைக் கண்ணாடி உடைந்து கிடந்தது. அன்றிலிருந்து தொலைபேசி அடித்தால் நான் எடுப்பதில்லை.

பிறகு ஒரு வீடியோ வந்தது. கேலிக்காகத்தான் பரப்பினார்கள். முள்வேலிக்கு வெளியே நின்று ஒரு வயோதிபப் பெண், மாமியோடு வந்த சிங்கள அமைச்சரைப் பார்த்துக் கத்துகிறார்: "என்ர வீட்டுக் கொடியில உங்கட ஆக்கள் உடுப்புக் காயப்போடுகினம். உங்கட தலையில இடி விழ!" அரசாங்க மொழிபெயர்ப்பாளர், இந்த அம்மா தன் வீட்டைக் கேட்கிறார் என்று சிங்களத்தில் சுருக்கிவிடுகிறார். மாமியின் விரல் உயர்கிறது. கொடி, உடுப்பு, இடி எல்லாவற்றையும் மாமியே சிங்களத்தில் சொல்கிறார். அமைச்சரின் முகம் கறுக்கிறது.

கடையில் ஒருவர் அதை அப்பாவிடம் காட்டினார். "மந்திரியோ, மொழிபெயர்ப்பாளரோ? உதுக்கோ பிளேன் ஏறினவ?"

அப்பா கொத்துரொட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

மாமியின் காலத்தில் திறந்தது ஒரு குறுந்தெரு, ஓர் ஒழுங்கை மட்டும்தான். அந்த வயோதிபப் பெண்ணின் வீடு அதில் இருந்தது. மிச்ச வேலி அப்படியே நிற்கிறது. தேர்தல் முடிந்ததும் மாமி பார்க்டேலுக்குத் திரும்பி வந்து, மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனார்.

"ஒரு ஒழுங்கைதானோ, மாமி?" என்று கேட்டேன்.

"ஓம், ஒண்டுதான். ஆரும் கேட்டால் ஒண்டெண்டே சொல்லு. கூட்டிச் சொல்லாதே."

கடைசியில் பக்கவாதம் வந்து அவருடைய பேச்சு நின்றது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வைத்தியர் எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அப்பா மாமியின் காதருகே குனிந்து, "சுகமாகி வீட்டை போகலாமாம், அக்கா" என்றார்.

மாமியின் வலது கை அசைவற்றுக் கிடந்தது. இடது கை போர்வைக்கு வெளியே மெல்ல நகர்ந்தது. சுட்டுவிரல் உயர்ந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மாமியின் நெற்றியைத் தடவிக்கொண்டே, "இனி ஏலாதாம், அக்கா" என்று அழுதார். "எங்களோட கனநாள் இருக்கமாட்டீங்களாம்."

விரல் இறங்கி, அப்பாவின் கைமேல் படிந்தது.

அப்பாவின் பயம் எனக்கு விளங்கும். உடைந்த கண்ணாடியை அவரோடு சேர்ந்து நானும்தான் கூட்டி அள்ளினேன். காலையில் அவர் மலரைத் திறந்து பார்ப்பார். இந்தப் பக்கத்தை எடுத்துவிடவும் கூடும். அரசாங்கக் கதை வேண்டாம் என்று அவர் சொன்னதையும் இதில் எழுதியிருக்கிறேன், அந்த விரலுக்கு முன்னால் அவர் அழுததையும் எழுதியிருக்கிறேன். யார் எழுதியது என்று அவர் தேடவேண்டியதில்லை. என் பெயரைக் கீழே போடுகிறேன்.

விரலை இறக்குங்கோ, மாமி. ஒண்டையும் விடேல்லை. போயிட்டு வாங்கோ.

உங்கள் மருமகள்
ஆரணி