மெத்தைக்காரர் தூங்கிய மண்டபம்

மெத்தைக்காரர் பிழைப்பு நடத்தியது படுத்துக்கொண்டே. இதைக் கேட்டு யாரும் பொறாமைப்பட வேண்டாம்.

கடைவீதி முனையில் கண்ணாடிச் சுவர் வைத்த மெத்தைக் கடை அது. வாடிக்கையாளர் ஒரு மெத்தையை விரலால் குத்திப் பார்த்துவிட்டால் போதும், இவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறிப் படுத்துவிடுவார். முதலில் மல்லாக்க, அப்புறம் ஒருக்களித்து, அப்புறம் குப்புற. படுத்த வாக்கிலேயே பேச்சும் நடக்கும்.

"பாருங்க சார், இடுப்பு கீழ இறங்கவே இல்ல. வீட்டம்மாவை இந்தப் பக்கம் வந்து உக்காரச் சொல்லுங்க, எனக்கு ஒரு அசைவு தெரியாது."

வீட்டம்மா உட்காருவார். அவருக்குப் பஞ்சு மாதிரி வேண்டும், கணவருக்குப் பலகை மாதிரி வேண்டும். சண்டை அங்கேயே மூளும். நடுவில் படுத்திருக்கும் இவர்தான் பஞ்சாயத்து.

இந்த வேலை அவருக்கு வந்த விதமே வேடிக்கை. இளவயதில் அவர் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். ஒருநாள் அந்தக் கடைக்குச் சரக்கு இறக்கிவிட்டு, ரசீதுக்குக் காத்திருந்த நேரத்தில் கண்ணாடியோரம் கிடந்த மெத்தையில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். வாய் பிளந்து, ஒரு கால் தரையில் தொங்க, ஊரே பார்க்கும்படி ஒரு தூக்கம். தெருவில் போன புதுமணத் தம்பதி உள்ளே வந்து, "அந்த ஆள் படுத்திருக்கிற மெத்தைதான் வேணும்" என்று நின்றுவிட்டார்கள். எழுப்பிவிட்டுத்தான் விற்க வேண்டியிருந்தது. மறுநாளே முதலாளி அவரைக் கடைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்படித் தூங்கின மனிதருக்குத்தான் வருடங்கள் போகப்போகத் தூக்கம் கைவிட்டுப் போயிற்று. பகலெல்லாம் படுத்துப் படுத்து, படுக்கை என்றாலே உடம்பு அதை வேலை என்று எடுத்துக்கொண்டது. வீட்டில் தலையணையில் தலை வைத்ததும் கண் பளிச்சென்று திறந்துகொள்ளும். வாய் தானாக, "முதுகுத்தண்டுக்கு இது ரொம்ப நல்லதுங்க" என்று ஆரம்பித்துவிடும். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி, "நான் வாங்கிட்டேன், விடுங்க" என்பாள்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. குத்துவது தெரியாமல் ரத்தம் எடுப்பதில் பேர் பெற்றவள். புருஷன் உடம்பில் எடுக்கக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சல். ஒரு குறை கிடைத்திருந்தால் கையோடு மருந்து வாங்கிக் கொடுத்து முடித்திருப்பாள்.

இந்த நிலையில்தான் அவளுடைய அக்கா வீட்டுக்காரர், அதாவது மெத்தைக்காரரின் சகலை, நாலு பேருக்கும் சேர்த்துச் சுற்றுலாப் பஸ்ஸில் இடம் போட்டுவிட்டார். மலையடிவாரத்தில் இருக்கும் பழைய புத்தர் கோயிலுக்கு ஒருநாள் பயணம். சகலை காப்பீட்டுக் கம்பெனியில் கிளை மேலாளர். யாரிடம் பேசினாலும் எதிரில் இருப்பவர் நாளைக்கே செத்துவிடப்போவதுபோல் கவலையோடு பேசுவார்.

"சகலை, நீங்க லீவு நாள்ல வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? மனுஷன் நாலு இடம் பாக்கணும். நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

"வீட்ல உக்காந்திருந்தா ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் மெத்தைக்காரர். அதற்குள் மனைவி தண்ணீர்ப் பாட்டிலையும் பிஸ்கட் பொட்டலத்தையும் பையில் வைத்து மூடிவிட்டாள்.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் முற்றத்துக் கல் உள்ளங்காலைப் பொசுக்கியது. பல தேசத்து மனிதர்களும் அங்கே ஒரே மாதிரி குதித்துக் குதித்து ஓடினார்கள். உலக ஒற்றுமை என்பது இதுதானோ என்று அவருக்குத் தோன்றியது. மடக்குக் குடையைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் போன வழிகாட்டிப் பெண் மட்டும் சாவதானமாக நடந்தாள். அவள் சாமர்த்தியக்காரி, தடியான காலுறை போட்டிருந்தாள்.

பெரிய மண்டபத்துக்குள் நுழைந்தால், ரயில் பெட்டி நீளத்துக்குப் புத்தர் படுத்திருந்தார். வலப்பக்கம் ஒருக்களித்து, கன்னத்துக்குக் கீழே கையைக் கொடுத்து, பாதிக் கண் மூடி. கூட்டம் மொத்தமும் அந்த முகத்தை அண்ணாந்து பார்த்தது. மெத்தைக்காரர் முதலில் பார்த்தது முகத்தை அல்ல, படுக்கையை.

"வலப்பக்கம் சாஞ்சு படுத்திருக்கார், நல்ல பழக்கம். ஆனா அடியில வெறும் கல்லு. இடுப்புக்கு ஒரு ஆதரவு இல்ல. அந்தக் கை விடியறதுக்குள்ள மரத்துப் போயிடும்."

மனைவி இடுப்பில் கிள்ளினாள். வழிகாட்டிப் பெண் காதில் அது விழுந்துவிட்டது.

"சார், அவர் தூங்கல. அது அவரோட கடைசி நேரம்."

"எதுக்குக் கடைசி நேரம்?"

"உயிருக்குத்தான்."

மெத்தைக்காரர் மறுபடி நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தடவை முகத்தை. உதட்டோரத்தில் சின்னதாக ஒரு சிரிப்புகூட இருந்தது. "சாகப் போறவர் முகமா இது?" என்று மனைவியிடம் மெல்லக் கேட்டார். "எங்க கடையில புது மெத்தையில படுக்கிறவன் மூஞ்சியில இதுல பாதி நிம்மதியைக்கூட நான் பாத்ததில்லையே." அவர் குரலில் இருந்தது பக்தி இல்லை. பொறாமை.

சகலைக்கு அந்த மாதிரி யோசனை எதுவும் வரவில்லை. அவருக்குப் படம் எடுக்க வேண்டும்.

"சகலை, அதே மாதிரி இங்க கீழ படுங்க. பின்னால அவர், முன்னால நீங்க. பிரமாதமா இருக்கும். உங்களுக்குத்தான் இது தொழிலாச்சே!"

"லீவுல நான் படுக்கிறதில்ல" என்றார் மெத்தைக்காரர்.

உடனே சகலையே தன் மனைவி கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, தரையில் ஒருக்களித்துப் படுத்துக் கன்னத்தில் கை வைத்தார். தொந்தி தனியாக ஒரு பக்கம் சரிந்து இளைப்பாறியது. ஒரு படம்கூட எடுத்திருக்கமாட்டார்கள், விசில் சத்தம் மண்டபத்தைக் கிழித்தது. காவல்காரப் பெண் ஓடிவந்தாள்.

"எந்திரிங்க! சாமி முன்னால காலை நீட்டிப் படுக்கிறீங்க, வெக்கமா இல்ல?"

"அவரே படுத்துத்தானேம்மா இருக்கார்!"

"அவர் வீடு, அவர் படுப்பார். நீங்க வெளிய நடங்க."

அவ்வளவு பெரிய கிளை மேலாளரை ஒரு பெண் விசில் ஊதி வெளியேற்றுவதை அக்காவால் தாங்க முடியவில்லை. "இவர் யாருன்னு தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தாள். சண்டை வாசலைத் தாண்டி முற்றத்துக்குப் போயிற்று. அக்கா கையை ஓங்காமல் பார்த்துக்கொள்ள மெத்தைக்காரரின் மனைவியும் பின்னாலேயே ஓடினாள்.

மெத்தைக்காரர் தனியாக நின்றார். சண்டைக்குப் போனால் சகலையின் கட்சி பேசவேண்டும். அதற்கு மனசாட்சி இடம் தரவில்லை. பக்கத்தில் ஒரு சிறிய மண்டபத்தில் சிலர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்ட பருத்த பிக்கு ஒருவர் வாசலில் நின்று, "உள்ள வந்து உக்காருங்க. மூச்சைக் கவனிக்கிறது மட்டும்தான், கஷ்டமே இல்ல" என்றார். குளிர்ந்த கல்தரை, சன்னமான கோரைப்பாய். மறைந்துகொள்ள நல்ல இடமாக இருக்கவே, அவர் கடைசி வரிசையில் தூணோரமாக உட்கார்ந்தார்.

மணி ஒலித்தது. மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. விற்க ஒன்றுமில்லை. பாய்க்கு அடியில் எட்டிப் பார்த்தால்கூடப் பஞ்சோ கம்பிச் சுருளோ கிடையாது. தலை தூணில் சாய்ந்தது. தோள் வழுக்கியது. கொஞ்ச நேரத்தில் ஆள் முழுசாகத் தரைக்கு வந்துவிட்டார்.

முற்றத்தில் சமாதானம் ஏற்பட்டு, பஸ்காரர் ஹாரன் அடிக்கத் தொடங்கியபோதுதான் மனைவிக்குப் புருஷன் ஞாபகம் வந்தது. தேடிக்கொண்டு உள்ளே போனாள். படுத்த புத்தரின் பாதம்வரை போய்ப் பார்த்தாள். அப்போது பக்கத்து மண்டபத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பழைய மோட்டார் தண்ணீர் இழுக்க முக்குவதுபோல் முதலில் விட்டு விட்டு, அப்புறம் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக.

அவள் அசையாமல் நின்றுவிட்டாள். கல்யாணமான புதிதில் அம்மா வீட்டுக்கு ஓடிப்போய்விடலாமா என்று அவளை நினைக்கவைத்த குறட்டை அது. அதைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

மண்டபத்துக்குள் கண்மூடி இருந்தவர்களில் பாதிப் பேர் சிரிப்பை அடக்கிக் குலுங்கிக்கொண்டிருந்தார்கள். விசில்காரப் பெண்ணும் வந்துவிட்டாள்.

"ஒருத்தரை இப்பத்தான் கிளப்பினேன், அதுக்குள்ள இன்னொருத்தர் படுத்துட்டாரா?"

"அவர் படுக்கல, விழுந்துட்டார்" என்றார் பிக்கு. பிறகு மனைவியைப் பார்த்து, "உங்க ஆளா? எழுப்பவா?" என்றார்.

"ஐயா, தயவுபண்ணி எழுப்பாதீங்க" என்றாள் அவள். விசில்காரப் பெண் பக்கம் திரும்பி, "நீ விசிலை வாயில வெச்சே, அதோட தொலைஞ்சே" என்றாள். சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. விசில்காரப் பெண் குழம்பிப்போய் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஹாரன் விடாமல் அடித்தது. அக்கா மூச்சிரைக்க வந்தாள்.

"என்னடி நிக்கிறே? பஸ் கிளம்புது, உன் வீட்டுக்காரரை எழுப்பு."

"நீங்க போங்கக்கா."

"பைத்தியமா உனக்கு? இவர் குறட்டையைக் கேக்கவா பஸ்ஸை விடுறே?"

"ஆமா" என்றாள் தங்கை. அக்கா தலையில் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பஸ் போய்விட்டது.

தியானக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து, அவரைத் தாண்டிக் கால் வைத்துப் போனார்கள். அவள் தூணோரம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள். பிக்குவுக்கும் நீட்டினாள். நண்பகலுக்குமேல் சாப்பிடுவதில்லை என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார், பார்வையை மட்டும் பொட்டலத்திலிருந்து எடுக்கவில்லை.

சாயங்கால வெயில் தரையில் நீளமாக விழுந்தபோது மெத்தைக்காரர் கண் திறந்தார். கன்னத்தில் கோரைப்பாயின் வரிகள், வாயோரம் எச்சில். மேலே கண்ணாடி போட்ட ஒரு முகம்.

"புத்தர்னாலே விழிச்சவர்னு அர்த்தம்" என்றார் பிக்கு. "அவர் வீட்டுக்கே வந்து இப்படி ஒரு தூக்கம் போட்டுட்டீங்களே!"

மெத்தைக்காரர் பதறி எழுந்து, "பஸ்?" என்றார்.

"அது அப்பவே போயிடுச்சு" என்றாள் மனைவி. "முகத்தைக் கழுவிட்டு வாங்க."

டவுன் பஸ் மாறி மாறி, பாதி வழி நின்றுகொண்டே இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். வழியெல்லாம் அவர் ஒன்றையேதான் கேட்டார்: "நிஜமாவே குறட்டை விட்டேனா?" அவளும் அலுக்காமல் அந்தச் சத்தத்தை நடித்துக்காட்டினாள். பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

சகலை கொஞ்ச காலம் பேசாமல் இருந்தார். அதை யாரும் பெரிய இழப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மெத்தைக்காரர் வீட்டில் தரைக்கு இறங்கினார். பாய், மெல்லிய போர்வை, அவ்வளவுதான். எல்லா நாளும் தூக்கம் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வந்தது. கடையில் முதலாளியிடம் போய், "இனிமே நான் படுக்க மாட்டேங்க. நின்னுக்கிட்டே விக்கிறேன்" என்றார். முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்து, "நின்னுக்கிட்டு விக்க எனக்கு ஆள் இல்லையா? என்னய்யா, புத்த மதத்துல சேந்துட்டியா?" என்றார். கடைசியில், வாடிக்கையாளரைப் படுக்கவைத்து இவர் பக்கத்தில் நின்று பேசுவது என்று ஏற்பாடாயிற்று. வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை.

ஒருநாள் அக்காவே போனில் கூப்பிட்டாள். சுற்றி வளைத்து நலம் விசாரித்தாள்.

"நலத்துக்கு என்னக்கா குறைச்சல்? ராத்திரி முழுக்க அந்த மனுஷன் குறட்டை. என்னாலதான் கண்ணை மூட முடியல. என் கட்டிலைக்கூட இன்னொரு ரூமுக்கு மாத்திட்டேன்."

"அப்ப அங்கயாவது நிம்மதியாத் தூங்குறியா?"

"எங்க தூங்குறது? சத்தம் நின்னு போச்சான்னு எந்திரிச்சு எந்திரிச்சு வந்து பாத்துட்டுப் போறேன்" என்றாள் தங்கை.