வயர்லெஸ்ஸில் சொன்ன படம்

ஒரு படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எங்கள் வீட்டில் பத்து வயதிலேயே எனக்கு வந்துவிட்டது. போட்டிக்கு ஆள் இல்லாததுதான் காரணம். அம்மா தியேட்டர் சீட்டில் சாய்ந்ததும் தூங்கிவிடுவாள். விடியுமுன் மீன் ஏலத்துக்கு ஓடுகிறவளுக்கு ஏசி காற்றுப் பட்டால் வேறென்ன செய்ய முடியும். அப்பா காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார், வந்தாலும் செய்திதான் பார்ப்பார். மிச்சம் இருந்தது அம்மாவின் தம்பி, என் மாமா. அவர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் மீன் பிடிக்கப் போகிறவர். போனால் திரும்பிவர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் வெள்ளிக்கிழமை வெளியாகும் படங்களை அவர் சார்பில் பார்த்து வைப்பது என் வேலையாயிற்று.

மாமா ஒரு நடிகரின் ரசிகர். பெயர் வேண்டாம், இன்றைக்கும் அதைச் சொன்னால் எங்கள் தெருவில் இரண்டு பேராவது சட்டைக் கையை மடிப்பார்கள். வீட்டில் ‘நம்ம ஆளு’ என்றால் அவர்தான். மாமா போகும் படகை ஓட்டும் டிரைவரோ இன்னொரு நடிகருக்காக உயிரையே கொடுப்பவர். இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற தோஸ்துகள், சினிமா என்று வந்தால் மட்டும் வெட்டுக்குத்து. இடைவேளை விடும் இடம்தான் ஒரு படத்துக்கு உயிர், அப்புறம் என்ன ஆகுமோ என்று ஜனம் முறுக்கு வாங்கக்கூட மறந்து நிற்க வேண்டும் என்பது மாமாவின் கட்சி. டிரைவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். கடைசியில் நல்லவன் ஒருவன் செத்தே ஆக வேண்டும், பார்த்தவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் அது படமே இல்லை என்பார்.

படகில் டிரைவர் நின்று ஓட்டும் சின்ன அறையில் இரண்டு நடிகர்களும் எதிரெதிர்ப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தார்கள். அந்த வருடம் நம்ம ஆளுடைய படம் வந்த வெள்ளிக்கிழமையன்று மாமா கடலில் இருக்கும்படி ஆகிவிட்டது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போகிற முதல் பயணம், யாரும் லீவு கேட்க முடியாது. கிளம்பும்போது டிரைவர் ஒரு பந்தயம் போட்டார். படம் ஊற்றிக்கொண்டால் நம்ம ஆளுடைய போட்டோவை மாமா தன் கையாலேயே கிழிக்க வேண்டும். ஊற்றிக்கொண்டதா இல்லையா என்று யார் சொல்வது? பாப்பா சொல்லட்டும், அவள் பொய் சொல்ல மாட்டாள் என்று டிரைவரே என்னைக் கை காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தண்டையார்பேட்டைப் பக்கத்து தியேட்டர் ஒன்றில் மதியக் காட்சிக்கு அம்மா என்னைக் கூட்டிப்போனாள். நம்ம ஆளு கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு ஏதோ ஒரு வெளிநாட்டில் பனியில் நின்றார். ஒரு பாட்டு வந்தது. வேறொரு கோட்டு போட்டுக்கொண்டு நின்றார். இடைவேளையில் வில்லன் போன் செய்து ‘ஹலோ’ என்றான், அவ்வளவுதான். முதல் பாட்டுக்குக் காகிதம் கிழித்துப் போட்ட பின்வரிசை அண்ணன்கள் இரண்டாம் பாதியில் செல்போனை எடுத்துக் கிரிக்கெட் பார்த்தார்கள். அம்மா நிம்மதியாகத் தூங்கினாள். எனக்கு அழுகை வந்தது.

கரையை விட்டு நெடுந்தூரம் போய்விட்டால் செல்போன் எடுக்காது. படகு ஓனர் வீட்டு மாடியில் ஒரு வயர்லெஸ் செட் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு என்ன மீன் விழுந்தது, ஐஸ் மிச்சம் இருக்கிறதா என்று ஓனர் விசாரித்து முடித்த பிறகு, படகில் போனவர்களின் வீட்டாருக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும். கையில் பிடிக்கும் மைக்கில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் நாம் பேசலாம், விட்டால்தான் அந்தப் பக்கம் பேச முடியும். அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஒருவராலும் நம்மைக் குறுக்கிட முடியாது. அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் அப்படியொரு வசதி அமையவே இல்லை.

“படம் எப்டி கீது பாப்பா? உள்ளத சொல்லு, ஓவர்” என்றது மாமாவின் குரல்.

அவர் தன் கையால் அந்தப் போட்டோவைக் கிழிப்பது என் கண்முன் தெரிந்தது. படம் சூப்பர் என்றேன். பொய்யை அதோடு விட்டிருக்கலாம். டிரைவர் சும்மா இருப்பாரா, கதையைச் சொல்லச் சொன்னார். நான் பொத்தானை அழுத்திக்கொண்டேன்.

நம்ம ஆளு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார் என்று ஆரம்பித்தேன். வேறு எந்த வேலையும் எனக்கு அவ்வளவு விவரமாகத் தெரியாது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும்போது ஒருநாள் மூடுபனிக்குள் ஒரு கப்பல் வந்து நிற்கிறது. எல்லா விளக்கும் எரிகிறது, கூப்பிட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. நம்ம ஆளு தனியாகக் கயிற்றில் ஏறி உள்ளே போகிறார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கிறது, ஆள் இல்லை. ஒரு கதவைத் திறந்தால் உள்ளே எங்கள் தெரு, வெயிலோடும் சைக்கிள்களோடும் அப்படியே இருக்கிறது. இன்னொரு கதவைத் திறந்தால் திருவொற்றியூர் தேரடி, தேர் இல்லாமல், சத்தம் இல்லாமல். எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது, சொல்லச் சொல்ல அந்தக் கப்பலுக்குள் நானும் நடந்துகொண்டிருந்தேன். மூன்றாவது கதவில் அவர் கை வைக்கும்போது இடைவேளை என்று சொல்லிப் பொத்தானை விட்டேன். கரகரப்புக்கு நடுவே மாமா, “இன்டர்வல்னா இதான்டா இன்டர்வல்” என்று டிரைவரிடம் சொல்வது கேட்டது.

மறுநாள் ஐந்து மணிக்குப் போனபோது ஓனர் வீட்டு மாடியில் நிற்க இடமில்லை. படகில் போயிருந்த ஐந்து பேருடைய வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். காலையிலேயே எஞ்சின் நின்றுவிட்டதாம். காற்று வேறு பிடித்துக்கொண்டது, படகைக் கடல் கிழக்கே இழுத்துக்கொண்டு போகிறது, தேடிப்போன படகின் கண்ணில் அவர்கள் இன்னும் படவில்லை என்று பேசிக்கொண்டார்கள். எல்லாம் என் காதில் விழுந்தது. எஞ்சின் நின்றுவிட்டதென்றால் வலை போடும் வேலை இல்லை, ஆகவே இன்றைக்கு எல்லாரும் உட்கார்ந்து நிதானமாகக் கதை கேட்பார்கள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மாமாவின் குரல் மெலிந்து வந்தது. “பாப்பா வந்துச்சா? நாங்க பேசுனா பேட்டரி எறங்கிடும். கேட்டா அவ்ளோ எறங்காது. நீ வுட்ட எடத்துலேர்ந்து சொல்லு கண்ணு, நாங்க கேட்டுகினு கீறோம்.”

அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சே இல்லை. செட்டை யாரையும் தொடவிடாத ஓனர் தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். இரண்டு நிமிடம் முடிந்தது, ஒருவரும் மைக்கைப் பிடுங்கவில்லை. சினிமா பேச்சை எடுத்தாலே தொடையில் கிள்ளுகிற அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்து, “சொல்லிகினே இரு, நிறுத்தாத” என்றாள். ஒரு வழியாக அம்மாவும் ரசிகையாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது கதவுக்குள் கப்பல் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் ஐந்து பேர். அந்த நேரத்தில் எனக்கு வாயில் வந்த கணக்கு அதுதான். அந்தக் கப்பலில் ஏறுகிறவர்களுக்கு வீட்டு நினைப்பு வந்ததும் தூக்கம் வந்துவிடும். நம்ம ஆளு ஒவ்வொருவரையாகத் தோளைத் தட்டி, வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டு எழுப்புகிறார். கடம்பா என்று ஒருவர் கண்ணைத் திறக்கிறார். நெத்திலி என்று இன்னொருவர். என் பக்கத்தில் நின்றிருந்த ஒரு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சென்டிமென்ட் வேலை செய்கிறது என்று எனக்குத் தெம்பு வந்தது. ஜன்னலில் வெயில் இறங்கி, ஓனரம்மா விளக்கைப் போட்டார்.

கிளைமாக்ஸ் வந்தது. மாமாவை முதல் நாளே ஜெயித்தாகிவிட்டது. டிரைவரையும் அழவைத்துவிட்டால் பந்தயத்தில் பேச்சே இருக்காது என்று கணக்குப் போட்டேன். நாலு பேர் படகில் இறங்கிவிட்டார்கள், “ஆனா ஒருத்தர் மட்டும்...” என்று குரலைத் தாழ்த்தி இழுத்தேன்.

அம்மாவின் கை என் கையோடு சேர்த்து மைக்கை இறுக்கியது. மோதிரம் அழுந்தி வலித்தது.

“எல்லாரும் வந்துட்டாங்கன்னு சொல்லு” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நேரம் கட்டிக்கொண்டு வந்த கதையைத் தியேட்டரில் தூங்குகிறவள் வந்து கெடுக்கிறாளே என்று இருந்தது. அவள் கண்ணைப் பார்த்துப் பயந்து, அஞ்சாவது ஆளும் வந்துட்டாரு, எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாங்க, படம் முடிஞ்சிடுச்சி என்று அவசரமாகச் சொல்லி முடித்தேன். பொத்தானை விட்டதும் செட் வெறுமனே இரைந்துகொண்டிருந்தது.

விடிந்த பிறகு தேடிப்போன படகு அவர்களைக் கண்டுபிடித்து, கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அதே அலைவரிசையில் இருந்த மற்ற படகுக்காரர்களும் கதையைக் கேட்டிருக்கிறார்கள்போல. அந்த வாரம் கரை திரும்பியவர்கள் கூட்டம் கூட்டமாகத் தியேட்டருக்குப் போய், கப்பல் எப்போது வரும் என்று கேட்டுப் படம் ஓட்டும் ஆபரேட்டரை ஒரு வழி செய்தார்கள் என்று சொல்வார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா எப்போது தியேட்டருக்குப் போவார், எப்போது என் பொய் உடையும் என்று பயந்துகொண்டே திரிந்தேன். அவர் தனியாகப் போகவில்லை. டிரைவரோடு என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். நம்ம ஆளு பனியில் நின்றார், கோட்டை மாற்றிக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் கடைசிவரை எழுந்திருக்காமல் பார்த்தார்கள். வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது என்னால் அடக்க முடியாமல், நான் சொன்னதெல்லாம் பொய் மாமா என்று அழுதுவிட்டேன். மாமா என் தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். டிரைவர்தான் பேசினார்.

“படம் சூப்பர், மாமு. கடைசில யாரும் சாவல பாரு, அதான் படம்” என்றார்.

அந்தப் போட்டோவை யாரும் கிழிக்கவில்லை. பொய் சொன்னதற்கு அடியும் விழவில்லை. இருந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. நல்லவன் செத்தால்தான் படம் என்று இத்தனை வருடம் சண்டை போட்டவர் திடீரென்று கட்சி மாறிவிட்டார், இவருக்குச் சினிமாவே தெரியவில்லை என்று முடிவு செய்தேன். அன்றைக்கு நீ கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால், ஒருவரை மட்டும் சாக விட்டிருந்தால், அது இன்னும் நல்ல படமாக இருந்திருக்கும் என்று அம்மாவிடம் பல நாள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.