தேனீக்குச் சீனி, வீட்டுக்குக் கருப்பட்டி

தங்கபுஷ்பத்தின் பின்கட்டில் இருந்த இரண்டு தேன்பெட்டிகளில் ஒன்று கருப்பட்டியால் செத்தது. ஊட்டியவள் அவளேதான். உடன்குடிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இருமல் வந்தாலும் கருப்பட்டி, பிள்ளை பெற்றாலும் கருப்பட்டி. அதைவிடச் சுத்தமான இனிப்பு இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. போன அடைமழையில் ராயபுரத்தில் ஒரு பூ இல்லை, தேனீக்கள் பட்டினி. ஆள் குறைந்திருந்த பெட்டிக்கு முதலில் வைப்போம் என்று நல்ல கருப்பட்டியாகப் பார்த்து உடைத்துக் காய்ச்சி வைத்தாள். பெட்டி வாசலெல்லாம் பழுப்புத் திட்டு. தேனீக்கள் வயிறு ஊதித் தரையில் ஊர்ந்தன. பெட்டிகளைக் கொடுத்த மார்த்தாண்டத்துச் சித்தப்பா வந்து பார்த்து, "கருப்பட்டிக் கசடு தின்னா அதுக்கு வயித்தால போவும். சுத்தமான வெள்ளைச் சீனிதான் கொடுக்கணும்" என்று சொன்னபோது அந்தப் பெட்டி காலி.

இந்த வருஷமும் மழை பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த பெட்டியைத் தூக்கினால் கனமே இல்லை, காற்றாக இருந்தது. அடையில் தேன் தீர்ந்துவிட்டது. இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு, சீனி ரேஷனில்தான். வீட்டுக்கு வந்த சீனியை அவள் புருஷன் அய்யாத்துரை கிறிஸ்துமஸுக்கென்று டின்னில் பூட்டி வைத்திருந்தார்.

தேனீக்கு என்று அவரே வேறொரு மூட்டைச் சீனி கொண்டுவந்து இறக்கினார். கல்மண்டபத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவருக்குத் துறைமுகத்தில் ஆள் இல்லாமலா?

"ஏட்டி, பாரு. வெள்ளைவெளேர்னு இருக்கு."

"எங்கேருந்து கொண்டாந்திய?"

"கப்பல்ல மூட்டை கிழிஞ்சு கொட்டினது. நம்ம ஆளு கூட்டி எடுத்தான்."

தங்கபுஷ்பம் ஒரு பிடியைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, வெந்நீர் ஊற்றிக் கலக்கி ஜன்னலில் வைத்தாள். துணி துவைக்க வந்திருந்த பக்கத்து வீட்டு முத்தம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, ஈக்குப் போயி இவ்ளோ பேஜாரு? பூச்சிதானே, குட்த்தத துன்னுட்டுப் போவுது."

"உன் புருஷனுக்கு இதுல காபி போட்டுக் கொடேன்."

முத்தம்மா டம்ளரை மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஐயே, கலீஜ் வாசனை அடிக்குது. கிரசின் டின்னு பக்கத்துல கெடந்துதோ இன்னாவோ."

அடியில் மண் படிந்திருந்தது. மேலே கோணி நார் மிதந்தது.

"துணியில வடிகட்டு" என்றார் அய்யாத்துரை.

"மண்ணு நிக்கும். மண்ணெண்ணெய் நிக்குமா? டின் சாவியைக் கொடுங்க."

"அது என் தங்கச்சி வரும்போது பலகாரத்துக்கு. கருப்பட்டிக் காபியா கொடுப்ப? பட்டணத்துக்கு வந்தும் காட்டான்னு சொல்லுவா."

"சொல்லட்டும். உங்க தங்கச்சி செத்துப்போக மாட்டா. இதுக செத்துப்போவும்."

அவர் சாவியை எடுத்துப் பலகையில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கடைக்குப் போய்விட்டார்.

அவள் டின் சீனியையும் டம்ளரில் கரைத்துப் பார்த்தாள். சொந்த வீட்டுச் சீனி என்று விட்டுவிடவில்லை. தண்ணீர் தெளிவாக நின்றது, வாசனையும் இல்லை. கொதித்து ஆறிய நீரில் கரைத்து, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினாள். தேனீக்கள் விழுந்து சாகாமல் இருக்க வைக்கோல் துண்டுகளை மிதக்கவிட்டு, பொழுது சாயும் நேரமாகப் பெட்டிக்குள் வைத்தாள். காலையில் சிரட்டை காய்ந்து கிடந்தது. மறுபடி ஊற்றினாள். டின் அடி தெரியும்வரை ஊற்றினாள்.

கிறிஸ்துமஸ் அன்று நாத்தனார் தேவகிருபை கருப்பட்டிக் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அண்ணன் கடையில சீனிக்குப் பஞ்சமா, மைனி?"

"சீனி குடிக்கிற ஆளுக பின்னால இருக்காவ. போயிப் பாரும்."

அன்று மழை விட்டு வெயில் அடித்தது. தேவகிருபை முந்தானையை முகத்துக்குப் பிடித்துக்கொண்டு தள்ளியே நின்றாள். முத்தம்மா வீட்டு முருங்கையிலிருந்து தேனீக்கள் காலில் மஞ்சள் மகரந்த உருண்டையோடு வந்து இறங்கின. பெட்டி வாசலில் ஒரு கறை இல்லை.

அய்யாத்துரை பெட்டியின் வாசல் பலகையைக் குனிந்து பார்த்தார். பிறகு தங்கச்சி வைத்த டம்ளரை எடுத்து, மிச்சக் காபியை அவரே குடித்து முடித்தார்.